ஐப்பசிப் பிள்ளையும் வைகாசிச் சக்கையும்

பிள்ளைகளின் பிறந்தநாளைக் கையைக் கடிக்காமல் கொண்டாடுவது எப்படி என்ற விஷயத்தில், ஒருகாலத்தில் இரணியல் வட்டாரத்தில் என்னைவிடப் பெரிய விற்பன்னன் கிடையாது. பணிவுக்காக இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் இந்த வயதில் பணிவும் ஒருவகைப் பொய்யாகிவிடுகிறது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேட்டியும் சட்டையும் வெளுப்பாக இருக்கும், சம்பளம் அப்படியல்ல. நாடு விடுதலை பெற்றுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எளிமை என்ற சொல்லுக்கு அன்று நல்ல மவுசு. கஞ்சன் ஒருவன் கொள்கைவாதியாக நடமாட அதைவிடத் தோதான காலம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஐப்பசி மாதம் உத்திராட நட்சத்திரத்தில் பிறந்தவள். இளையவன் வைகாசிப் பூசம். எங்கள் பக்கம் பிறந்தநாள் என்றால் இங்கிலீஷ் தேதி கணக்கில்லை. பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அதுதான் நாள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளியல், கோயிலில் அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம். அத்தோடு சரி. நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கொண்டாடும் வழக்கம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது கிறிஸ்தவ வீடுகளைப் பார்த்துத்தான். குறிப்பாக, இரண்டு வளைவு தள்ளியிருந்த கம்பவுண்டர் வீட்டைப் பார்த்து. அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்த வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை கேக் வெட்டுவார்கள். ரேஷன் சீனியை மாதக்கணக்கில் சேர்த்துவைத்துச் செய்த கேக் அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் போய்த் தின்றுவிட்டு வந்தார்கள். தின்றுவிட்டு வந்த பிள்ளைகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா?

"எனக்க பெறந்த நாளுக்கும் பிள்ளேளக் கூப்பிடணும்ப்பா" என்றாள் மகள்.

அவள் கேட்டதில் குற்றமில்லை. அவள் பிறந்த மாதத்தில்தான் குற்றம். ஐப்பசியில் எங்கள் ஊரில் என்ன கிடைக்கும்? மழை கிடைக்கும். அதை விட்டால் ஈர விறகும் ரேஷன் அரிசியும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும். வைகாசியோ அப்படியல்ல. கிணற்றடியில் எங்கள் வருக்கைச் சக்கை மரம், பலாவைத்தான் நாங்கள் சக்கை என்போம், அடியிலிருந்து நுனிவரை காய்த்துத் தொங்கும். தேங்காய் வீட்டில் உண்டு, கருப்பட்டி அளப்பங்கோட்டுப் பக்கமிருந்து மாமனார் கொடுத்தனுப்புவார். சக்கைப் பிரதமன் என்ற பாயசம் வைத்தால் ஊரையே கூப்பிடலாம், கையிலிருந்து ஒரு காசு இறங்காது. மகன் புத்திசாலி, வைகாசியில் பிறந்திருந்தான்.

கணக்குப் படித்தவனுக்கு வழியா இல்லை? நட்சத்திரம் மாதம்தோறும் வருகிறது. மலையாளத்துப் பக்கம் அதைப் பக்கப் பிறந்தநாள் என்பார்கள். பிறந்த மாதத்தில் வருவது பெரிய நாள். மற்ற மாதங்களில் அதே நட்சத்திரம் வருவது சின்ன நாள், கோயிலில் ஒரு நெய்விளக்கு போட்டால் போதும். இந்தச் சின்ன நாளைப் பெரிய நாளாக்கிவிட்டால் தீர்ந்தது பிரச்சினை. வைகாசியிலும் உத்திராடம் உண்டு. அதற்கும் மகனின் பூசத்துக்கும் நடுவில் சராசரி எடுத்து, அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிறந்தநாள் என்று தீர்மானித்தேன். சராசரி எடுத்த நாளில் இரண்டு பேருடைய நட்சத்திரமும் இருக்காது. அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

"பிள்ளைக்க நாளு ஐப்பசியில்லா? வைகாசியில எப்பிடி வைப்பிய?"

"நட்சத்திரம் மாசாமாசம் வருது. இது ஐப்பசி, இது வைகாசிண்ணு உத்திராடத்துக்குத் தெரியுமா?"

"உத்திராடத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அண்ணைக்குக் கொட்டுத மழையில நாலு பேரு என்னைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு ஓடினது உங்களயா?"

"ஐப்பசியில சக்கை உண்டா, அதைச் சொல்லு."

"ஓ, அப்போ நாளு சக்கைக்குத்தான். பிள்ளைக்கு இல்ல." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "நாளைக்கு நான் செத்தா எனக்க திவசத்தையும் சக்கை பழுக்குத மாசத்துக்கு மாத்திருவிய."

"அது நீ எந்த மாசம் போறேங்கிறதைப் பொறுத்து" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியில் அன்று இரண்டு வெற்றிலை கூடுதலாகப் போட்டேன்.

அந்த வருடமே முதல் கொண்டாட்டம். என் முறைகளைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்பட்டால் பயன்படட்டும். பிள்ளைகளைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட வேண்டும். மத்தியானச் சாப்பாடு அவரவர் வீட்டில் ஆகியிருக்கும், இராச் சாப்பாட்டுக்கு நேரம் ஆகியிருக்காது. பரிசு எதுவும் கொண்டுவரக் கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கேட்பவர்கள் துறவி என்று நினைப்பார்கள். வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற பயம் வெளியே தெரியாது. பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்காமல் முடியாதல்லவா? அதற்குத்தான் வைகாசி. கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். எப்படியும் வாங்கியாக வேண்டிய குடை, சிலேட்டு, புது உடுப்பு எல்லாவற்றையும் இரண்டு வாரம் ஒளித்துவைத்திருந்து அன்றைக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும். வருடம் முழுக்க அந்தக் குடையைப் பார்க்கும்போதெல்லாம், "பெறந்த நாளுக்கு வாங்கித் தந்ததுல்லா" என்று நினைவூட்டவும் செய்யலாம்.

வந்த பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பார்கள். நான் அனுப்பவில்லை. தின்ற சுளைகளின் கொட்டைகளைக் கழுவி, வாழையிலையில் பொதிந்து, ஆளுக்கொரு பொதி கொடுத்தனுப்பினேன். குழம்பு வைக்கலாம், அவித்துத் தின்னலாம், சத்துள்ளது. மறுநாள் தெருவில் ஒரு அம்மாள் என் மனைவியிடம், "சக்கைப் பிசின் பட்ட பாவாடைய என்ன செய்யணும்ணும் சாரு ஒரு பொதியில எழுதி வச்சிருக்கலாமே" என்று கேட்டாளாம்.

இந்த முறைகளைப் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்களுக்கு விளக்கிச் சொன்னேன். பாதிப் பேர் வியந்தார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். அப்போது எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது. தமிழ் வாத்தியார் மட்டும், "சாரே, உம்ம வீட்டுச் சக்கை மரம் பட்டுப்போனா பிள்ளேளுக்கு வயசு ஏறாதே, என்ன செய்வேரு?" என்று கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரிசுக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். புத்தகம் அச்சிடுபவர்கள் பாடநூல்களின் மாதிரிப் பிரதிகளை வாத்தியார்களுக்கு இலவசமாக அனுப்புவார்கள். முதல் பக்கத்தில் ஊதா மையில் 'விற்பனைக்கு அல்ல' என்று ஒரு முத்திரை குத்தியிருக்கும். அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, 'அன்பளிப்பு' என்று அழகாக எழுதினால் புத்தகம் பரிசாகிவிடும். விற்பனைக்கு அல்ல என்றுதானே போட்டிருக்கிறது, கொடுப்பதற்கு அல்ல என்று போடவில்லையே. கம்பவுண்டரின் மகளுக்கு அப்படித்தான் ஒரு அல்ஜீப்ரா புத்தகம் கொடுத்தேன். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு.

"இப்பமே இவ்வளவு பெரிய புஸ்தகமா சாரே" என்றாள் கம்பவுண்டரின் மனைவி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு.

"பின்னால் உதவும்" என்றேன். கேக்கை என் மகள் இரண்டாவது துண்டும் தின்றாள்.

இப்படி மூன்று வைகாசிகள் போயின. மகளும் தம்பியோடு சேர்ந்து உட்கார்ந்து சுளை தின்றாள், குடை வாங்கினாள், கொட்டைப் பொதி கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்குச் சம்மதம் என்று பொருள் எழுதிக்கொள்வது பெற்றவர்களின் வழக்கம். வாத்தியாராகவும் இருந்துவிட்டால் அந்த வழக்கம் இரட்டிப்பாகும்.

நாலாம் வகுப்பில் அவள் படித்த வருடம். ஐப்பசி மாதம், சனிக்கிழமை. காலையிலிருந்தே மழை. நான் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அடுக்களையில் மரச்சீனி வேகும் மணம். நாலு மணி இருக்கும். நடையில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். கம்பவுண்டரின் மனைவி குடையை மடக்கி உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள், சர்ச்சுக்குப் போகும் கவுனைப் போட்டுக்கொண்டு. பின்னால் அதே வகுப்புப் பெண்பிள்ளைகள் நாலு பேர், பாதி நனைந்தும் பாதி நனையாமலும்.

"மழை விடும்ணு பாத்து நிண்ணோம் சாரே. விடல்ல. நனைஞ்சாலும் போவணும்ணு இவளுவ ஒரே பிடிவாதம்."

"என்ன விசேஷம்?" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தாள். "நல்லாக் கேட்டிய போங்க. பிள்ளைக்கு இன்னைக்குப் பெறந்த நாளுல்லா!"

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதை உள்ளபடியே எழுதுகிறேன். முதலில் சீனி தோன்றியது. வீட்டில் சீனி இல்லை, ஆறு பேர் வந்திருக்கிறார்கள். இரண்டாவதாக, பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரின் முகம் தோன்றியது. சராசரிக் கணக்குக் கவிழ்ந்த செய்தி திங்கட்கிழமை அவர் காதுக்குப் போயிருக்கும். மூன்றாவதாகத்தான், இது ஐப்பசி, உத்திராடமாக இருந்தாலும் இருக்கலாம் என்பது வந்தது. வரிசையை மாற்றிச் சொன்னால் எனக்கு நல்லது. ஆனால் வரிசை அதுதான்.

"ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டேன்.

மகள் உள்ளிருந்து வந்தாள். தலையில் எண்ணெய் வைத்துக் குளித்த மினுமினுப்பு, பிச்சிப்பூ. வைகாசியில் எடுத்த பாவாடை. வந்தவர்களைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது. பின்னால் தெரிந்துகொண்டேன், ஐந்து பேரையும் அவளே கூப்பிட்டிருந்தாள். அம்மாவிடமும் சொல்லவில்லை. ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிட்டால் அப்பா திருப்பி அனுப்ப மாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவளுடைய கணக்கில் அந்த ஒரு வரிதான் பிழை.

"இன்னைக்கு உனக்குப் பெறந்த நாளா?" என்று கேட்டேன்.

ஆமா என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் வகுப்பில் தப்பான விடையைப் பிடித்துவிட்ட பிறகு கேட்பேனே, அந்தக் குரலில் கேட்டிருந்தேன். எந்த விடையை வாத்தியார் எதிர்பார்க்கிறார் என்பது பிள்ளைகளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். அவள் என்னைப் பார்த்தாள். அடுக்களை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்ல."

"பின்னே எப்போ?"

"வைகாசியில."

"வைகாசியில வச்சாச்சா, இல்லியா?"

"வச்சாச்சு."

"அப்போ இவங்களை எதுக்கு மழையில வரச் சொன்னே?"

"சும்மா."

"சும்மாண்ணா?"

"பொய் சொன்னேன்" என்றாள்.

ஒரு எட்டு வயதுப் பிள்ளை தன் அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற வேறு என்ன செய்ய முடியும்? நானோ, உண்மையை வரவழைத்துவிட்ட பெருமிதத்தோடு நின்றேன். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். கம்பவுண்டரின் மகள் கையில் ஒரு சின்னப் பொதி. அவளே ஓரம் பின்னிய கைக்குட்டை, மூலையில் என் மகளுடைய பெயரின் முதலெழுத்து தைத்தது. அதை நீட்டியபடியே அவள் திகைத்து நின்றாள்.

"பிறந்தநாளே இல்லாதபோது பரிசு வாங்குறது முறையில்ல" என்றேன். "வேண்டாம் மக்கா, கொண்டு போ."

"எனக்கு எதுக்கு? இதுல அவளுக்க எழுத்துல்லா தச்சிருக்கு."

அதற்கும் முறை என்ற சொல்லையே இன்னொரு தடவை சொன்னேன். கம்பவுண்டரின் மனைவி மகளின் கையிலிருந்து பொதியை மெல்ல வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். என் மனைவி ஒரு தட்டு நிறைய அவித்த மரச்சீனியும் காந்தாரிமிளகுத் துவையலுமாக வந்து நின்றாள். ஆவி பறந்தது.

"ஒரு வாயி தின்னுட்டுப் போங்கம்மா, மழையில்லா."

"இன்னொரு நாள் ஆவட்டும் அக்கா" என்றாள் அவள். வந்த வழியே ஆறு பேரும் மழைக்குள் இறங்கிப் போனார்கள். வெளியாட்கள் முன்னால் புருஷனை மறுத்துப் பேசுகிறவள் அல்ல என் மனைவி. அவர்கள் வளைவு திரும்பும்வரை பொறுத்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பஞ்சாங்கம் ஆணியிலதான் கெடக்கு. பாத்துக்கிடுங்க."

பார்த்தேன். உத்திராடம்தான். இரவு வரைக்கும் இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் அவளுக்குப் பொய்க்காரி என்று பெயர் விழுந்தது. கம்பவுண்டரின் மகள் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். அழைத்தவர்களை மழையில் நடக்கவைத்து வாசலில் வைத்து அவமானப்படுத்தியவள் அல்லவா? அந்தப் பிள்ளைக்கும் கோபப்பட உரிமை இருந்தது. ஆள்தான் மாறிப்போயிற்று. என் மகள் வீட்டில் அழவில்லை. ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க போய் அவ வீட்டுல சொல்லுவியளா? அண்ணைக்கு எனக்கு நாளுதாண்ணு."

"நீயே சொல்லு."

"நான் சொன்னா இனி நம்பமாட்டா. நீங்க சாருல்லா. நீங்க சொன்னா நம்புவா."

நியாயம் இதைவிடச் சுருக்கமாக என்னிடம் வந்ததில்லை. அன்று சாயங்காலமே கம்பவுண்டர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். சாயா வந்தது. இரணியல் தமிழ்நாட்டோடு சேருமா, திருவிதாங்கூர்க்காரன் விடுவானா என்று கம்பவுண்டர் ஆரம்பித்தார். அந்தப் பேச்சுக்கு நான் எவ்வளவு நன்றியோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன் தெரியுமா! எல்லைகளைப் பற்றிப் பேசினேன், மொழியைப் பற்றிப் பேசினேன், உண்மை ஒருநாள் வென்றே தீரும் என்றுகூடப் பேசினேன். பேசும்போது சுவர்த் தட்டில் என் அல்ஜீப்ரா புத்தகம் விரிந்தபடி சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. மழைக்கால ஈரத்தில் பசை விட்டு, 'அன்பளிப்பு' தாள் ஒருபக்கமாகச் சுருண்டிருந்தது. அடியில் ஊதா முத்திரை. தெளிவாகப் படிக்க முடிந்தது.

அதற்குப் பிறகு என் வாயிலிருந்து எல்லைகளும் வரவில்லை. புறப்பட எழுந்தேன். "அண்ணைக்கு எங்க பிள்ளை விஷயமா..." என்று தொடங்கினேன்.

கம்பவுண்டரின் மனைவி முடிக்க விடவில்லை. நல்லவள். "அதெல்லாம் விடுங்க சாரே. சின்னப் பிள்ளேள் ஏதோ ஆசையில சொல்லுததுதானே. நாங்க அண்ணைக்கே மன்னிச்சு மறந்தாச்சு."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

என் மகள் செய்யாத குற்றத்துக்கு அவர்கள் கொடுத்த மன்னிப்பை, அவள் சார்பில் நான் கைகூப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாசலிலேயே காத்திருந்தாள். "சொன்னியளாப்பா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"மறந்தாச்சுண்ணு சொன்னாங்க."

இரண்டாவது பதில் உண்மை. முதல் பதிலில் நான் பொய் சொன்னேன் என்பதை அது நன்றாக மூடியது. மறுநாள் காலையில் மகள் நடந்துபோனாளா, ஓடிப்போனாளா தெரியாது. நேராகப் போய்ப் பழைய பெஞ்சில், பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "இப்பம் தெரிஞ்சுல்லா? எங்க அப்பா வந்து உள்ளதைச் சொல்லியாச்சுல்லா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள்.

"உங்க அப்பா வந்தாரு. சாயா குடிச்சாரு" என்று கம்பவுண்டரின் மகள் சொல்லியிருக்கிறாள். "ஒண்ணும் சொல்லல்ல. எங்க அம்மை மன்னிச்சாச்சுண்ணு சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்ணுல்லா சொல்லிட்டுப் போனாரு. இதுலயும் பொய்யா?"

இதையெல்லாம் என் மனைவி வழியாகத்தான் அறிந்தேன். மகள் என்னிடம் வந்து கேட்கவில்லை. சாயங்காலம் வந்தாள், கை கால் கழுவினாள், சிலேட்டை எடுத்துவைத்து வீட்டுக்கணக்குப் போட்டாள். அன்று அவள் போட்ட கணக்கு எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்காக நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்று எந்தக் காரியத்துக்கும் அவள் என்னிடம் வந்ததில்லை. வகுப்பில் வாத்தியார் காரணமில்லாமல் அடித்த போதும், குடை தொலைந்த போதும், எல்லாம் அம்மா வழியாகத்தான்.

அடுத்த ஐப்பசியில் நான் திருந்திவிட்டேன் என்று காட்ட விரும்பினேன். கடன் வாங்கிச் சீனி வாங்கினேன். பாலும் அரிசியும் சேர்த்துப் பாயசம் வைக்கச் சொன்னேன். "யாரைக் கூப்பிடணும், சொல்லு மக்கா" என்று மகளிடம் கேட்டேன்.

"ஐப்பசிண்ணு நான் சொன்னா யாருப்பா வருவா?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பாயசத்தை நாங்கள் நாலு பேரும் குடித்தோம். இனிப்பு சரியாக இருந்தது என்று நான்தான் மூன்று தடவை சொன்னேன்.

வருடங்கள் போயின. இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில், ஆளுக்கொரு மூலையில் வளர்ந்தார்கள். பிறகு எங்கள் தாலூகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. பிறந்தது எப்போது? ஐப்பசியில். தெரு முழுக்கத் தோரணம், வெடி, லட்டு. மழை பிசுபிசுத்தும் ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மிட்டாய் கொடுத்தோம். தமிழ் வாத்தியார் மிட்டாய்த் தட்டும் கையுமாக என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"சாரே, ஜில்லாவுக்க பெறந்த நாளை வைகாசியில வச்சிருந்தா ஆளுக்கொரு சுளையோட போயிருக்கும்லா! சர்க்காருக்கு நீரு ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கப்பிடாதா?"

வாத்தியார்கள் எல்லாரும் சிரித்தார்கள். பழைய கதை தெரிந்த பெரிய பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பவுண்டரின் மகளும் வரிசையில் நின்று சிரித்தாள். பெருந்தன்மையோடு சொல்கிறேன், அது நல்ல வேடிக்கை. சிரிக்காமல் நின்றது ஒரே ஒரு பிள்ளை. மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காக வெட்கப்பட்டு நின்றாள். தனக்காக அல்ல, எனக்காக. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. தன் பெயர் கெட்டுப்போன பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதும் அவள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்திலேயே, எல்லார் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. சாயங்காலம் கம்பவுண்டர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. சாயா வேண்டாம் என்றேன். உட்கார்ந்து சாயா குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். தாயும் மகளும் வாசலில் நின்றார்கள்.

"நாலாம் வகுப்புல நீங்க மழையில வந்தது அவளுக்க உண்மையான பெறந்த நாளுக்கு. அவ பொய் சொல்லல்ல. சொல்லவச்சது நான். அதுக்குப் பொறவு இங்க வந்து சாயா குடிச்சிட்டுப் போய், உண்மையைச் சொல்லியாச்சுண்ணு அவகிட்ட சொன்னதும் நான்தான்."

சொல்லி முடிக்க மூச்சு ஒருதடவை இழுத்து விடும் நேரம்தான் ஆயிற்று. இவ்வளவு சின்ன வேலை அது.

கம்பவுண்டரின் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதைச் சொல்லதுக்கு இத்தனை வருஷமா சாரே?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். அந்தப் பெண் செருப்பை மாட்டினாள், அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமானது.

நான் குளத்தங்கரை சுற்றி, நீண்ட வழியாகத் திரும்பினேன். அவர்கள் பேசும்போது நான் அங்கே இருக்கக் கூடாது என்ற அளவுக்காவது புத்தி வந்திருந்தது. குளத்தில் நீர் கரையைத் தொட்டுக் கிடந்தது. ஊருக்குள் இன்னும் வெடிச் சத்தம் ஓயவில்லை. வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அடுக்களையிலிருந்து பேச்சுக் கேட்டது. மூன்று பெண் குரல்கள். நடுவில் ஒரு சிரிப்பு. அது என் மகளுடையது என்று அடையாளம் காண எனக்கு ஒரு நொடி பிடித்தது.

நடையில் என் காலடி கேட்டதும் பேச்சு நின்றது.

"யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான். வெற்றிலைச் செல்லம் எடுக்க வந்தேன்."

செல்லத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, படியில் இறங்கி, முற்றத்தின் ஓரம்வரை போய் நின்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன். அதன் பிறகுதான் உள்ளே மறுபடியும் பேச்சு தொடங்கியது.